சகாடெகாஸ் வெள்ளி நெட்டப்பாக்கம் வந்த வழி

மெக்சிகோவின் வடபகுதியில், கடல்மட்டத்துக்கு மேலே சுமார் 2,400 மீட்டர் உயரத்தில், வறண்ட மலைகளின் இடுக்கில் இருக்கிறது சகாடெகாஸ். சுற்றுலா வருகிறவர்களை அங்கே பெரும்பாலும் முதலில் மலையின் வயிற்றுக்குள்தான் அழைத்துப் போகிறார்கள். எல் எடென் என்ற அந்தச் சுரங்கத்தில் 1586ல் வேலை தொடங்கியது. 1960கள் வரை வெள்ளி எடுத்தார்கள். இப்போது தலைக்கவசம் மாட்டி, குட்டி ரயிலில் ஏற்றி, உள்ளே கொண்டுபோய் இறக்கிவிடுகிறார்கள். தொங்கு பாலங்கள், கனிமங்கள் அடுக்கிய ஒரு கண்காட்சி, இரவானால் பாட்டும் ஆட்டமும் நடக்கும் கூடம். அந்தக் குழிக்கு ஏதேன் என்று பெயர் வைத்தவர் ஒருநாளும் உள்ளே இறங்கி வேலை செய்திருக்க மாட்டார்.

வெளியே வந்தால் 1979 முதல் ஓடும் கம்பிவட ஊர்தி. ஒரு குன்றில் ஏறி நகரத்தின் தலைக்கு மேலே மிதந்துபோய் லா பூஃபா என்ற பாறைக் குன்றில் இறங்கலாம். கீழே ஊர் முழுக்க இளஞ்சிவப்புக் கல். தேவாலயத்தின் முகப்பில் உளி படாத இடமே இல்லை. 1993ல் யுனெஸ்கோ இந்தப் பழைய நகரத்தை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. குன்றின் மேலே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. 1914 ஜூன் 23 அன்று பாஞ்சோ வில்லாவின் படை இந்த ஊரைப் பிடித்ததோடு மெக்சிகோப் புரட்சியின் போக்கே திரும்பியது. அந்தக் கதையை அங்கே சொல்கிறார்கள். பழைய மடம் ஒன்றில் ஓவியர் ரஃபாயேல் கொரொனெல் சேர்த்துவைத்த ஆயிரக்கணக்கான முகமூடிகள் இருக்கின்றன. இரண்டு நாள் தாராளமாகப் போதும்.

புதுச்சேரியை அடுத்த நெட்டப்பாக்கத்துக்காரர் ஒருவர் அங்கே போனால், நகரத்தைவிட நகரத்துக்கு வெளியே உள்ள காட்டைத்தான் அதிக நேரம் பார்த்துக்கொண்டு நிற்பார் என்று நினைக்கிறேன். சப்பாத்திக்கள்ளி, சீமைக் கருவேலத்தின் பங்காளியான முள்மரம், வேலியோரத்து ஆனைக்கற்றாழை. ஏம்பலத்திலிருந்து மடுகரை வரை பார்த்துப் பழகிய செடிகளெல்லாம் அங்கே பிறந்த வீட்டில் நிற்கும். தமிழ்நாட்டுப் புறம்போக்குகளைச் சப்பாத்திக்கள்ளி விழுங்கிக்கொண்டு வந்ததும், 1926ல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட ஒரு வெள்ளைப் பூச்சி சில ஆண்டுகளில் அதைத் தின்று தீர்த்ததும் தனிக் கதை. செடிகள் வந்த வழியைப் பலர் எழுதிவிட்டார்கள். அதே மண்ணின் அடியிலிருந்து புறப்பட்டு, அவற்றைவிட அமைதியாக நம் ஊருக்குள் வந்து நம் பெண்களின் காலில் ஏறிக்கொண்ட இன்னொன்று உண்டு. அது வெள்ளி.

1546 செப்டம்பரில் ஹுவான் தெ தொலோசா என்ற ஸ்பானியர் லா பூஃபா அடிவாரத்துக்கு வந்து சேர்ந்தார். அங்கிருந்த பழங்குடியினர் காட்டிய கற்களில் வெள்ளி இருந்தது. இரண்டே ஆண்டில் ஊர் எழுந்துவிட்டது. தண்ணீர் குறைவு, விளைச்சல் இல்லை, சுற்றிலும் சிச்சிமெக் மக்களோடு நாற்பது ஆண்டு ஓயாத சண்டை. ஆனாலும் ஊர் நின்றது. சோளமும் மாட்டுத்தோலும் மெழுகும் நெடுந்தூரத்திலிருந்து வண்டியில் வந்தன. மெக்சிகோ நகரத்திலிருந்து வடக்கே போன அந்த வண்டிப்பாதையைப் பிற்பாடு சாந்தா ஃபே வரை நீட்டினார்கள். அரச நெடுஞ்சாலை என்று அதற்குப் பெயர். 2010ல் அதுவும் பாரம்பரியப் பட்டியலில் ஏறியது.

பாறையில் வெள்ளி இருப்பது வேறு, அதைப் பிரித்து எடுப்பது வேறு. நல்ல தரமான கல்லை உலையில் போட்டு உருக்கலாம். ஆனால் தரம் குறைந்த கல்லே அதிகம்; அதற்கு விறகு கொடுத்து மாளாது, அந்த வறண்ட நிலத்தில் விறகும் கிடையாது. 1550களின் நடுவில் பார்த்தொலோமே தெ மெதினா என்ற வியாபாரி மெக்சிகோவின் பச்சுகாவில் ஒரு வழி கண்டார். கல்லை மாவாக அரைத்து, தண்ணீர் ஊற்றிச் சேறாக்கி, உப்பும் செம்புக் கலவையும் பாதரசமும் சேர்த்து, கல் பாவிய பெரிய முற்றத்தில் பரப்ப வேண்டும். பிறகு கோவேறு கழுதைகளை அதன்மேல் சுற்றிச் சுற்றி நடக்க விட வேண்டும். பாகூர்க் களத்தில் மாடு கட்டிப் போரடித்ததைப் பார்த்தவருக்கு இதைக் கூடுதலாக விளக்கத் தேவையில்லை. நெல்லுக்குப் பதில் வெள்ளிச் சேறு, அவ்வளவுதான். ஆனால் இந்தப் போரடி ஓரிரு நாளில் முடியாது, வாரக்கணக்கில் நடக்கும். பாதரசம் மெல்ல மெல்ல வெள்ளியைப் பற்றிக்கொள்ளும். அப்புறம் சேற்றைக் கழுவி, மிஞ்சிய உருண்டையைச் சூடேற்றினால் பாதரசம் ஆவியாகிப் போகும், வெள்ளி நிற்கும்.

ஆவியாகிப் போன பாதரசம் எங்கே போனது? மனிதர்களின் நுரையீரலுக்கும் கழுதைகளின் குளம்புக்கும் ஓடைத் தண்ணீருக்கும் போனது. அந்தப் பாதரசமே கடல் தாண்டி வந்த சரக்கு. பெரும்பாலும் ஸ்பெயினின் அல்மதேன் சுரங்கத்திலிருந்து, சில சமயம் பெருவின் வாங்காவெலிகாவிலிருந்து. அரசனே அதற்கு ஏகபோக வியாபாரி. எந்தச் சுரங்கத்துக்கு எவ்வளவு பாதரசம் கொடுத்தோம் என்ற கணக்கை வைத்தே எவ்வளவு வெள்ளி எடுத்திருப்பார்கள், எவ்வளவு வரி மறைத்திருப்பார்கள் என்று அதிகாரிகள் கணக்குப் போட்டார்கள். சுரங்கத்தில் கூலிக்கு வந்த பூர்வகுடியினரும் கலப்பினத்தவரும் இருந்தார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களும் இருந்தார்கள். எல் எடெனின் குட்டி ரயில் ஓடும் சுரங்கவழியில் ஒரு காலத்தில் கற்கூடையை முதுகில் சுமந்து, குறுகலான மர ஏணியில் ஏறி வெளியே வந்தவர்கள் அவர்களே.

வெள்ளிக் கட்டிகள் கோவேறு கழுதை முதுகில் ஏறி, ஏறக்குறைய 600 கிலோமீட்டர் தெற்கே, மெக்சிகோ நகரத்து அக்கசாலைக்குப் போயின. சட்டப்படி அங்கேதான் காசாக வேண்டும். 1732க்கு முன்னால் அடித்த காசுகள் கோணல்மாணலாக வெட்டிய துண்டுகள். ஓரத்தைச் சுரண்டித் தின்றவர்கள் ஏராளம். 1732ல் இயந்திர அச்சு வந்ததும் வட்டமான, ஓரத்தில் வேலைப்பாடு கொண்ட எட்டு ரியால் காசு பிறந்தது. ஒரு பக்கம் கடலலை மேல் இரண்டு தூண்கள், நடுவே இரண்டு உலக உருண்டைகள், மேலே கிரீடம். மறுபக்கம் ஸ்பெயின் அரச முத்திரை. எடை 27 கிராம்; அதில் சுத்த வெள்ளி ஏறக்குறைய 24.8 கிராம். பிரெஞ்சுக்காரர்கள் இதைப் பியாஸ்தர் என்றார்கள். உலகம் முழுக்க ஒரே நம்பிக்கையோடு கை நீட்டி வாங்கிய முதல் காசு என்று இதைச் சொன்னால் மிகையில்லை.

இனி அதன் பயணத்தில் இரண்டு கிளைகள். ஒன்று கிழக்கே: வெராகுரூஸ் துறைமுகம், ஹவானா, அட்லாண்டிக், கடைசியில் ஸ்பெயினின் காதிஸ். அங்கே பிரெஞ்சு வியாபாரிகள் காத்திருந்தார்கள். இந்தியாவுக்குத் துணி வாங்கப் போகும் பிரெஞ்சு இந்தியக் கம்பெனிக்கு இங்கே விற்பதற்குத் துணிபோல ஆசை காட்டும் ஐரோப்பியச் சரக்கு எதுவும் கிடையாது. கம்பளியையும் ஈயத்தையும் கொண்டுவந்தால் சோழமண்டலக் கரையில் யார் வாங்குவார்கள்? ஆகையால் கம்பெனி காதிஸில் பியாஸ்தர் வாங்கி, லோரியான் துறைமுகத்தில் பெட்டி பெட்டியாக ஏற்றி, ஆப்பிரிக்காவைச் சுற்றி, மொரீஷியஸில் இளைப்பாறி, புதுச்சேரிக்கு அனுப்பியது. புதுச்சேரியில் கப்பல் அணையத் துறைமுகம் கிடையாது. தூரத்தில் நங்கூரம் போட்டுவிட்டு, ஆணி அடிக்காமல் கயிற்றால் தைத்த சலங்குப் படகுகளில் பெட்டிகளை இறக்கி, அலையைத் தாண்டிக் கரைசேர்க்க வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் கடலில் பத்திரமாக வந்த பெட்டி கடைசி அலையில் கவிழ்ந்தால் போயிற்று. துடுப்புப் போட்டவர்கள் நம் கரையோரத்து ஆட்கள். அந்த வெள்ளியை முதலில் தொட்ட தமிழ்க் கைகள் அவர்களுடையவை.

மற்றொரு கிளை மேற்கே: மெக்சிகோவின் அகாபுல்கோவிலிருந்து பசிபிக்கைக் கடந்து மணிலா. 1565 முதல் 1815 வரை அந்தக் கப்பல் ஓட்டம் நடந்தது. மணிலாவில் ஐரோப்பியக் கம்பெனிகள் நேரடியாக வியாபாரம் செய்யக் கூடாது என்று ஸ்பெயினின் தடை. தடை இருந்தால் வழியும் இருக்கும். ஆர்மீனியர் கொடியிலும் முஸ்லிம் வியாபாரிகளின் பெயரிலும் சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் கப்பல்கள் போயின. போகும்போது துணி, வரும்போது வெள்ளி. நம் கரையில் நெய்த துணி மணிலா வழியாக அகாபுல்கோ வரை போய் மெக்சிகோக்காரர்கள் உடுத்தவும் செய்தார்கள். ஆக, ஒரே மலையில் பிறந்த இரண்டு காசுகள் உலகத்தை எதிரெதிர்த் திசையில் சுற்றிவந்து புதுச்சேரிக் கடற்கரையில் சந்தித்திருக்க முடியும்.

வந்த காசுக்கு இங்கே மதிப்பு எடைக்குத்தான். தூணையும் உருண்டையையும் காட்டினால் வில்லியனூர் நெசவாளர் வாங்க மாட்டார். அவருக்கு ஆற்காட்டு ரூபாய் வேண்டும், இல்லையென்றால் வராகன், பணம். ரூபாய் அடிக்கும் உரிமை நவாபிடம். பியாஸ்தரை நவாபின் ஆட்களிடம் கொடுத்து மாற்றினால் ஒவ்வொரு தடவையும் ஒரு பங்கு கைநழுவும். 1736ல் புதுச்சேரி கவர்னர் துய்மா, நவாப் தோஸ்த் அலி கானிடம் புதுச்சேரியிலேயே ரூபாய் அடிக்க அனுமதி வாங்கினார். கம்பெனியின் துபாஷியாகப் பிற்பாடு பெயர்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பு எழுதத் தொடங்கியதும் அதே ஆண்டில். என் கணக்கில், பின்னால் கவர்னரான துய்ப்ளே பிடித்த எந்தக் கோட்டையையும்விட அந்த அனுமதிச் சீட்டு பெரிய வெற்றி.

அந்த அக்கசாலையில் நடந்ததை யோசித்துப் பாருங்கள். மெக்சிகோ மண்ணின் வெள்ளி; அதன்மேல் ஸ்பெயின் அரசனின் முத்திரை. அதை உருக்கி, பிரெஞ்சுக் கம்பெனியின் கூரைக்குக் கீழே, தமிழ்க் கம்மாளர்கள், ஆற்காட்டு நவாபின் சம்மதத்தோடு, தில்லி பாதுஷா முகம்மது ஷாவின் பெயரைப் பாரசீக எழுத்தில் பொறித்தார்கள். புதுச்சேரியில் அடித்தது என்று காட்ட ஒரு பிறை. எடை சுமார் 11.4 கிராம். ஒரு பியாஸ்தரை உருக்கினால் இரண்டு ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும். காசின் மேலே பெயர் இருந்தவர்களில் ஒருவரும் அதைத் தொட்டதில்லை. தொட்டவர்களில் ஒருவருடைய பெயரும் அதில் இல்லை. சின்னச் செலவுக்குச் செம்பில் துட்டு அடித்தார்கள். அதில் மட்டும் ஒரு பக்கம் பிரெஞ்சு லில்லிப் பூ, மறுபக்கம் தமிழில் புதுச்சேரி என்று இருக்கும். ஏழையின் காசில்தான் ஊரின் பெயர் ஊராரின் எழுத்தில் ஏறியது.

புதுச்சேரி வரலாறு என்றால் நாம் படித்தது போர் வரலாறு. துய்ப்ளே என்ன திட்டம் போட்டார், கிளைவ் எங்கே வந்தார், எந்தக் கோட்டை எப்போது விழுந்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால் வேறொரு கவலை ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும்: ஐரோப்பாவிலிருந்து கப்பல் வந்ததா? வந்தால் வெள்ளி, வெள்ளி வந்தால் துணி வியாபாரிகளுக்கு முன்பணம், சிப்பாய்களுக்குச் சம்பளம். வராவிட்டால் கடன். ஆங்கிலேயரின் கப்பற்படை கடலை மறித்தபோதெல்லாம் மூச்சுத் திணறியது கோட்டைக்கு அல்ல, கஜானாவுக்கு. 1758ல் பிரெஞ்சுத் தளபதி லாலி வந்து இறங்கியபோது பெட்டி காலி. தஞ்சாவூர் ராஜா எழுதிக் கொடுத்த 56 லட்ச ரூபாய்ப் பழைய பத்திரம் ஒன்று இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு படையோடு தஞ்சாவூருக்கே வசூலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார். அடுத்த ஆண்டு சம்பளம் கேட்டு அவருடைய ஐரோப்பியச் சிப்பாய்களே கலகம் செய்தார்கள். 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. ஆங்கிலேயர் நகரத்தை இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். லாலியின் முன்கோபத்தையும் ஆங்கிலேயத் தளபதி கூட்டின் தந்திரத்தையும் பேசுகிறவர்கள் வராத வெள்ளிப் பெட்டிகளையும் கொஞ்சம் பேசலாம்.

அரசாங்கம் திணறினாலும் ஏற்கெனவே வந்த வெள்ளி ஊருக்குள் இறங்கிவிட்டிருந்தது. 1750ஐ ஒட்டிய ஆண்டுகளில் வில்லியனூர், பாகூர் வட்டாரங்கள் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தன. பிறகு போய், பிறகு வந்து, ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் எல்லை துண்டுபட்டு, கடைசியில் இன்றைக்கு இருக்கும் கந்தல் வரைபடம் மிஞ்சியது. நெட்டப்பாக்கம் போகும் வழியில் எத்தனை முறை தமிழ்நாட்டுக்குள் நுழைந்து வெளியே வருகிறோம் என்று கண்டக்டருக்கே கணக்கு இருக்காது. சாராயக்கடைப் பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கிராமங்களுக்குள் ரூபாய் வந்தது நெல்லாலும் நூலாலும். 19ஆம் நூற்றாண்டில் இன்னும் இரண்டு சேர்ந்தன. ஒன்று கினே என்ற அவுரி நீலத் துணி. புதுச்சேரியில் சாயம் தோய்த்த அந்தத் துணி பிரான்ஸ் போய், அங்கிருந்து செனகல் போய், ஆப்பிரிக்காவில் பிசினுக்கு மாற்றாகப் புழங்கியது. அதற்கும் முந்திய காலத்தில் மனிதர்களுக்கு மாற்றாகவும் புழங்கியது என்பதை மறைக்க வேண்டியதில்லை. மற்றொன்று மல்லாட்டை. மார்செய் நகரத்து எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்பு ஆலைகளுக்கும் புதுச்சேரியிலிருந்து மல்லாட்டைப் பருப்பு கப்பல் கப்பலாகப் போனது. மானாவாரி நிலத்துக்காரர் கையில் முதல்முறையாகச் சேர்ந்தாற்போல் நாலு காசு பார்த்த காலம் அது. அந்தக் காசில் தீர்வை போக, கடன் போக, மிஞ்சியதைக் கொண்டுபோய் ஆசாரியிடம் கொடுத்தார்கள்.

வங்கி இல்லாத ஊரில் அதுதான் வங்கி. பொன் இடுப்புக்குக் கீழே இறங்கக் கூடாது என்பது நம் வழக்கம். ஆகவே காலும் இடுப்பும் வெள்ளியின் ராஜ்ஜியம். பிள்ளைக்கு அரைஞாண், தண்டை. பெண்ணுக்குக் கொலுசு, கல்யாணத்தில் மெட்டி. ரூபாய்க் காசையே எடைக்கல்லாகத் தராசில் வைத்து, இத்தனை ரூபாய் எடைக் கொலுசு என்றுதான் பேசுவார்கள். எடைக்கல்லும் அதே வெள்ளி, நகையும் அதே வெள்ளி, கூலியும் அதே வெள்ளி. பாதுஷாவின் பெயரும் பிறையும் மூசையில் கரைந்து போகும். வெண்காரம் தூவி, அழுக்கை ஒதுக்கி, கட்டியாக வார்த்து, தட்டி, கம்பியாக இழுத்தால் காசு இருந்த சுவடே இருக்காது. மழை பொய்த்த வருஷம் அதே கொலுசு அடகுக்குப் போகும். மீட்க முடியாவிட்டால் உருகி வேறொரு காலுக்குப் போகும். உலகத்தின் வெள்ளி இந்தியாவுக்குள் வந்தால் வெளியே போகாது என்று ஐரோப்பியப் பொருளாதார அறிஞர்கள் இருநூறு ஆண்டுக்கு மேல் புலம்பினார்கள். இந்தியா வெள்ளியைப் புதைக்கிறது என்று சிலர் ஏளனமும் செய்தார்கள். புதைக்கவில்லை ஐயா, போட்டுக்கொண்டு நடந்தார்கள். விதை நெல்லுக்குப் பணம் புரட்ட வேண்டிய இரவில் கழற்றிக் கொடுத்தார்கள்.

இதுவரை சொன்னது முகம் அழிந்து வந்த வெள்ளி. இன்னொரு தடவை சகாடெகாஸ் தன் சொந்த முகத்தோடு வந்தது.

மெக்சிகோவில் சுதந்திரப் போர் மூண்ட 1810ல் வெள்ளியைத் தலைநகருக்கு அனுப்பும் பாதை பாதுகாப்பில்லாமல் போனது. சகாடெகாஸ் தன் ஊரிலேயே அக்கசாலை வைத்துக்கொண்டது. 1905 வரை அது ஓடியது. 1821ல் நாடு விடுதலை பெற்றது. அப்புறம் வந்த எட்டு ரியால் காசில் அரசன் போய்விட்டான். ஒரு பக்கம் கதிர் விரியும் சுதந்திரக் குல்லாய், மறுபக்கம் பாம்பைக் கவ்விய கழுகு, அது உட்கார்ந்திருப்பது ஒரு சப்பாத்திக்கள்ளி மேல். ஓரத்தில் சகாடெகாஸைக் குறிக்கும் இரண்டு எழுத்து முத்திரை. எந்தச் செடியை நம் விவசாயி வேலியில் வெட்டி வெட்டிக் கை சலித்தாரோ அந்தச் செடி ஒரு தேசத்தின் காசில் சிம்மாசனமாக இருந்தது.

பேசோ என்றும் அழைக்கப்பட்ட இந்தக் காசு கிழக்காசியாவைப் பிடித்துக்கொண்டது. சீன வியாபாரிகள் ஒவ்வொரு காசையும் தட்டிப் பார்த்து, நல்லது என்றால் தங்கள் கடை முத்திரையை அதன்மேல் சிறிதாகக் குத்திவிடுவார்கள். பல கை மாறிய காசு அம்மை கண்ட முகமாகி இருக்கும். பிரெஞ்சுக்காரர்கள் 1859ல் வியட்நாமின் சைகோனைப் பிடித்து, அடுத்த சில ஆண்டுகளில் கொச்சின்சீனாவைக் காலனி ஆக்கியபோது அங்கே புழங்கியது இந்தக் காசுதான். அதற்கும் பெயர் பியாஸ்தர். 1885ல் பாரிஸில் அடித்த சொந்தப் பியாஸ்தரைக் கொண்டுவந்து இறக்கியும், மெக்சிகோக் காசைத் துரத்த அவர்களுக்கு வெகுநாள் ஆயிற்று.

சைகோனுக்கு ஆட்சி நடத்த ஆள் வேண்டும். பிரெஞ்சு தெரிந்த, பிரெஞ்சுச் சட்டம் பழகிய ஆள். புதுச்சேரியும் காரைக்காலும் கைகொடுத்தன. 1881 செப்டம்பரில் வந்த ஆணைப்படி சொந்தச் சாதி, சமய வழக்குச் சட்டத்தை விட்டுவிட்டுப் பிரெஞ்சுச் சிவில் சட்டத்துக்குள் வந்தவர்கள் முழு உரிமை கேட்க முடிந்தது. ஒடுக்கப்பட்ட சாதிகளிலிருந்து பலர் அந்த வாசலைப் பயன்படுத்திக்கொண்டார்கள். சுங்கம், காவல், சிறை, அஞ்சல், நீதிமன்ற எழுத்தர் என்று சைகோன் அலுவலகங்களில் தமிழர்கள் உட்கார்ந்தார்கள்; பட்டாளத்தில் சொல்தாவாகப் போனவர்கள் அதற்கும் மேலே. வட்டிக்கடை செட்டியார்கள் தனி. சைகோன் மாரியம்மன் கோயில் இன்றும் வியட்நாமியர் கூட்டத்தோடு நிற்கிறது. சம்பளம் பியாஸ்தரில். ஊரில் நிலம் வாங்க, அக்கா தங்கையைக் கட்டிக்கொடுக்க அது புதுச்சேரிக்கு வந்தது.

வங்கி வழியாக வந்தால் எண்ணாக வரும். 1875ல் தொடங்கிய இந்தோசீன வங்கி முதலில் கிளை வைத்த ஊர்களில் சைகோனும் புதுச்சேரியும் உண்டு. பாரதி பூங்காவுக்கு அருகே இன்று யூகோ வங்கி இருக்கும் கட்டடம் அதனுடையது. விடுமுறைக்கு வந்தவர் இடுப்பில் முடிந்துகொண்டு வந்தால் காசாக வரும். அப்படி வந்த காசுக்கு 1893ல் ஒரு திருப்பம் நேர்ந்தது. உலகச் சந்தையில் வெள்ளி விலை சரிந்துகொண்டே போனதால், யார் வெள்ளி கொண்டுவந்தாலும் ரூபாயாக அடித்துக் கொடுக்கும் வழக்கத்தைப் பிரிட்டிஷ் இந்திய அரசு நிறுத்தியது. புதுச்சேரியிலும் அன்றாடம் புழங்கியது அந்த ரூபாய்தான். ரூபாய்க்கு இனி அதன் வெள்ளியைவிட விலை அதிகம். பியாஸ்தருக்கோ வெள்ளியின் விலை மட்டுமே. காசாகச் செல்லாது, மாற்றினால் நட்டம். ஆசாரி வீட்டைத் தவிர அதற்குப் போக்கிடம் கிடையாது.

அந்தக் காசில் வெள்ளி 27 கிராமுக்குச் சுமார் 24.4 கிராம். தரத்தைக் காசிலேயே பொறித்திருப்பார்கள், ஆகவே ஆசாரிக்குச் சோதிக்கும் வேலையும் மிச்சம். இரண்டு காசு இருந்தால் சின்னப் பெண்ணுக்கு ஒரு ஜோடிக் கொலுசு. கழுகும் பாம்பும் சப்பாத்திக்கள்ளியும் சீனக் கடைக்காரர்களின் குத்துமுத்திரைகளும் ஒன்றாக உருகின. அந்தக் காசுகளைச் சேகரிப்பவர்கள் இன்று ஏலத்தில் நல்ல விலை கொடுக்கிறார்கள் என்று கேட்டால் பழைய சொல்தா வீட்டுப் பேரப்பிள்ளைகளுக்குக் கொஞ்சம் வயிறெரியும். ஆனால் கொலுசாகப் போட்டு நாற்பது வருஷம் நடந்தவள் கணக்கில் அது நட்டமில்லை.

முதல் உலகப் போருக்குப் பிறகு இந்தோசீனப் பியாஸ்தர் மெல்லக் காகிதமானது. வெள்ளிக்கும் அதற்கும் இருந்த தொடர்பு 1930ல் அறுந்தது. 1953 மே மாதம் பிரான்ஸ் அதன் மதிப்பை 17 பிராங்கிலிருந்து ஒரே நாளில் 10 ஆக்கியது. அடுத்த வருஷம் சைகோனிலும் புதுச்சேரியிலும் பிரெஞ்சு ஆட்சியின் முடிவு சேர்ந்தாற்போல் வந்தது. 1954 மார்ச் 31ல் நெட்டப்பாக்கம் காவல் நிலையத்தில் இந்திய மூவர்ணக் கொடி ஏறியது. எதுவார் குபேர் தலைமையில் தற்காலிக அரசு நெட்டப்பாக்கத்தில் அமர்ந்தது. மே 7ல் வியட்நாமின் தியன் பியன் ஃபூ விழுந்தது. அக்டோபர் 18ல் புதுச்சேரியை அடுத்த கீழூரில் 178 மக்கள் பிரதிநிதிகள் கூடி, 170 பேர் இந்தியாவோடு சேர வாக்களித்தார்கள். நவம்பர் 1ல் நிர்வாகம் கைமாறியது.

சகாடெகாஸ் சுரங்கம் சுற்றுலாவுக்குப் போய்விட்டாலும் சகாடெகாஸ் மாநிலம் ஓயவில்லை. நகரத்திலிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் இருக்கும் ஃப்ரெஸ்னில்லோவில் 1550களில் தொடங்கிய வெள்ளி வேலை இன்றும் நடக்கிறது. உலகத்தில் அதிகம் வெள்ளி எடுக்கும் நாடு இப்போதும் மெக்சிகோதான். அதிகம் வாங்கும் நாடுகளில் ஒன்று இந்தியா. பெட்டியைச் சலங்கில் இறக்க வேண்டியதில்லை, அவ்வளவே மாற்றம். பயணிகளுக்கு நினைவுப்பொருள் வேண்டுமென்றால் சகாடெகாஸை ஒட்டிய குவாடலூப்பேயில் பழைய பண்ணை மாளிகை ஒன்றில் வெள்ளிப் பட்டறைகள் நடக்கின்றன. இளைஞர்கள் உட்கார்ந்து மோதிரமும் தோடும் செய்து விற்கிறார்கள். காலுக்கு ஏதாவது கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

நெட்டப்பாக்கத்துக்காரர் கொலுசு வாங்க மடுகரைக்கோ வில்லியனூருக்கோ புதுச்சேரி நேரு வீதிக்கோ போவார். கையில் பழைய கொலுசு இருக்கும். கடைக்காரர் எடை போட்டு, அழுக்குக்கும் பற்றுக்கும் கழிவு கழித்து, மீதிக்குப் புதியது கொடுப்பார். திருகு தேய்ந்து மணி உதிர்ந்த பழைய வெள்ளி மூட்டையாகச் சேர்ந்து பெரும்பாலும் சேலத்துக்குப் போகும். தமிழ்நாட்டுக் கொலுசுத் தொழிலுக்குத் தலைநகரம் சேலம்தான். அங்கே பட்டறையில், துய்மா காலத்துப் பியாஸ்தராக இருந்ததும், சைகோனிலிருந்து இடுப்பில் வந்ததும், போன மாதம் ஃப்ரெஸ்னில்லோவிலிருந்து கட்டியாக இறங்கியதும் ஒரே மூசையில் விழுகின்றன. அடுத்த சீசனுக்கு வடிவம் மாறியிருக்கும். முத்து வைத்ததுதான் இப்போது ஓடுகிறது என்பார் கடைக்காரர்.